ஃபைனைட் எலிமென்ட் ஆய்வகத்தை மாற்றுங்கள்: பொறியியல் கல்லூரித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் இயந்திரவியல், கட்டடவியல், வானூர்திப் பொறியியல் துறைகளை நடத்திவரும் தலைவர்களுக்கு வணக்கம்.

திண்மப் பொருள்கள் விசைக்கு உட்படும்போது எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆயும் சாலிட் மெக்கானிக்ஸ், அதைக் கணினியில் கணிக்கும் கணிப்புமுறை இயக்கவியல் ஆகிய துறைகளில் ஆய்வு இடங்களுக்குப் பஞ்சமில்லை. நம் ஊரிலேயே தரமணியிலும் கல்பாக்கத்திலும் கிண்டியிலும் இருக்கின்றன. பெங்களூரில், ஐரோப்பாவில், அமெரிக்காவில் இருக்கின்றன. உங்கள் மாணவர்களும் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை முதல் சுற்றிலேயே ஒதுக்கப்படுகின்றன. மதிப்பெண் குறைவால் அப்படி நடப்பது அரிது. தகைவை, அதாவது பொருளுக்குள் பரப்பலகுக்கு எழும் விசையை, காட்டும் வண்ண வண்ணமான படங்கள் பத்துப் பக்கம் இருக்கும். அந்த எண்கள் சரிதானா என்று சோதித்ததற்கான ஒரு வரிகூட இருக்காது. இந்த ஒரு குறையைத் துறைத் தலைவர் நினைத்தால் ஒரு பருவத்துக்குள் சரிசெய்துவிட முடியும். அதனால்தான் பல்கலைக்கழகத்துக்கோ அரசுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

நேர்காணலில் என்ன கேட்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஃபைனைட் எலிமென்ட் முறையில் ஒரு பொருளை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, அவற்றை இணைக்கும் நோடு என்ற புள்ளிகளில் விடை காண்கிறோம். அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ். மாணவர் ஒரு எல் வடிவத் தாங்கியை ஆய்ந்திருக்கிறார். உள்மூலையில் அதிகபட்சத் தகைவு 412 மெகாபாஸ்கல் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். "அந்த மூலையில் மெஷ்ஷைப் பாதியாகச் சிறிதாக்கினால் இந்த எண் என்னவாகும்?" என்று கேட்டால், "இன்னும் துல்லியமாகும்" என்கிறார். உண்மையில் வளைவு கொடுக்காத 90 டிகிரி உள்மூலையில், மீட்சிக் கோட்பாட்டின்படி தகைவுக்கு எல்லையே கிடையாது. மூலையிலிருந்து உள்ள தூரத்தின் −0.4555 அடுக்காக அது ஏறும். எலிமென்ட் அளவைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் படத்தில் தெரியும் உச்ச எண் ஏறத்தாழ 37 விழுக்காடு கூடிக்கொண்டே போகும். ஆக அந்த 412 என்பது தாங்கியின் தகைவே அல்ல. அவர் தேர்ந்தெடுத்த மெஷ்ஷின் அளவைத்தான் அது சொல்கிறது. இதை ஒரு முறை தன் கையால் செய்து பார்த்த மாணவர் பிறகு மறக்கமாட்டார். மூலைக்கு உண்மையான வளைவு ஆரம் கொடுப்பார், அல்லது விரிசல்களை ஆயும் முறிவியலின் வழியில் போவார், அல்லது மூலையிலிருந்து தள்ளி உள்ள தகைவை மட்டும் பேசுவார். மூன்றுமே சரியான விடைகள். மூன்றில் ஏதாவது ஒன்று வந்தாலே கேட்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

இன்னொரு கேள்வி, ஒருமுனை பிணைத்த உத்திரம் பற்றியது. நான்கு நோடு கொண்ட சாதாரண எலிமென்ட்டை, முழு எண்தொகையீட்டோடு, உயரத்துக்கு ஒரே அடுக்காக வைத்து வளைத்தால் என்ன ஆகும்? தூய வளைவுக்கு இதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். பாய்சான் விகிதம் (இழுக்கும்போது பக்கவாட்டில் சுருங்கும் விகிதம்) 0.3 என்றால், சதுர எலிமென்ட் உண்மையான வளைவில் 67 விழுக்காட்டைத்தான் காட்டும். எலிமென்ட்டின் நீளம் உயரத்தைப்போல் 5 மடங்கானால் 9 விழுக்காடு. 10 மடங்கானால் இரண்டரை விழுக்காடு. வளைய வேண்டிய எலிமென்ட் வளையத் தெரியாமல் போலியான ஷியர் திரிபில், அதாவது சறுக்கி உருமாறுவதில், ஆற்றலை வீணடிப்பதே காரணம். கணிப்பு எந்தப் பிழைச் செய்தியும் தராமல் முடியும். படமும் அழகாகத்தான் வரும். விறைப்பு மட்டும் 40 மடங்கு தவறாக இருக்கும். தொழிலுக்குப் போகும் மாணவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுக்குப் போகிறவருக்கு இது தெரியாமல் இருக்கவே கூடாது.

இப்போது பல கல்லூரிகளில் இந்த ஆய்வகம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கையேட்டில் உள்ள வரிசைப்படி பொத்தான்களை அழுத்த வேண்டும், படத்தை அச்சிட்டு ரெக்கார்டில் ஒட்ட வேண்டும், கையொப்பம் வாங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பயிற்சிகள் முடிந்த பிறகும் விசையையும் இடப்பெயர்ச்சியையும் இணைக்கும் விறைப்பு அணி எங்கிருந்து வந்தது என்று மாணவருக்குத் தெரியாது. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்கும் வழக்கம் இந்த மண்ணில்தான் வேர் பிடிக்கிறது. தானே செய்ததற்கும் வாங்கியதற்கும் அறிக்கையில் வேறுபாடு தெரியாதபோது, வாங்குவதுதான் எளிது.

எங்கள் கோரிக்கை இதுதான்: அந்த ஆய்வகத்தின் பாதி நேரத்தை மாணவரே எழுதும் நிரலுக்கு ஒதுக்குங்கள். பைத்தான் மொழியும் அதன் கணித நூலகங்களான நம்பை, சைபையும் போதும், செலவு ஒன்றுமில்லை. இரு பரிமாண மீட்சிக் கணக்குக்கான முழு நிரலும் முந்நூறு வரிக்குள் அடங்கும். எந்த வரிசையில் செய்யச் சொல்வது, எங்கே தடுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். கற்றுத்தரும் ஆசிரியருக்கு அதுதான் உதவும்.

முதல் இரண்டு வாரம் ஒரு பரிமாணத் தண்டு. தன் எடையால் நீளும் தண்டை எடுத்துக்கொண்டால், சுமையை முறையாகத் தொகையீடு செய்திருக்கும்வரை, நோடுகளில் இடப்பெயர்ச்சி துல்லியமான விடையோடு அப்படியே பொருந்தும், எலிமென்ட்டுக்குள்தான் வேறுபடும். இதைப் பார்த்தபிறகு இடைக்கணிப்பு என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

மூன்றாம் வாரம் நான்கு நோடு எலிமென்ட். ஒரே ஒரு எலிமென்ட்டின் விறைப்பு அணியை எழுதச் சொல்லி, அதன் எட்டு ஐகன் மதிப்புகளை எடுக்கச் சொல்லுங்கள். தொகையீட்டுக்கான மாதிரிப் புள்ளிகளாக இரண்டுக்கு இரண்டு காஸ் புள்ளிகள் வைத்தால் சரியாக மூன்று மதிப்புகள் பூச்சியமாக வேண்டும்: இரண்டு நகர்வு, ஒரு சுழற்சி. நான்கு வந்தால் எங்கோ தவறு இருக்கிறது. ஒற்றைப் புள்ளி தொகையீட்டில் ஐந்து வரும். கூடுதலாக வந்த இரண்டும்தான் மென்பொருள் கையேடுகள் எச்சரிக்கும் மணற்கடிகை வடிவங்கள். அரை மணி நேரத்தில் முடிகிற இந்தச் சோதனை, ஒரு வார விரிவுரையைவிட அதிகம் கற்றுத்தரும் என்பது எங்கள் துணிபு.

அடுத்து, எலிமென்ட்டுகளைச் சேர்த்து முழு அணியைக் கட்டும்போது எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நூறுக்கு நூறு எலிமென்ட் என்றால் 10,201 நோடுகள், 20,402 தெரியா மதிப்புகள். அணியை முழுதாக நினைவகத்தில் வைத்தால் 3.3 ஜிகாபைட் பிடிக்கும்; ஆய்வகக் கணினி அசையாமல் நின்றுவிடும். பூச்சியமல்லாத உறுப்புகளை மட்டும் வைத்தால் ஐந்து மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். எனவே தொடக்கத்திலிருந்தே சைபையின் ஐதான அணி வகையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆனால் அந்த அணிக்குள் ஒவ்வோர் உறுப்பாக லூப் வைத்து எழுதினால் அதுவும் ஆமை வேகம்தான். கிடைவரிசை எண், நெடுவரிசை எண், மதிப்பு என மூன்று பட்டியல்களைச் சேர்த்துவைத்து, கடைசியில் ஒரே முறையில் அணியாக்க வேண்டும்.

பிறகு பேட்ச் டெஸ்ட். இதைத் தாண்டாமல் எந்த மாணவரையும் அடுத்த படிக்கு விடாதீர்கள். ஒழுங்கற்ற வடிவமுள்ள ஐந்து நாற்கரங்கள், நடுவில் நான்கு உள்நோடுகள். வெளி விளிம்பு நோடுகளுக்கு நேரியல் இடப்பெயர்ச்சியைக் கொடுத்தால், எல்லா எலிமென்ட்டிலும் எல்லாக் காஸ் புள்ளியிலும் தகைவு ஒன்றாகவே, கையால் கணக்கிட்ட மதிப்பாகவே வர வேண்டும். "ஏறத்தாழ ஒன்று" போதாது. பதின்ம இலக்கம் பன்னிரண்டுவரை ஒன்றாக வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான். நோடுகள் கடிகாரத் திசையில் எண்ணப்பட்டு, எலிமென்ட்டின் வடிவத்தை ஒரு நிலையான சதுரத்தோடு இணைக்கும் அணியான ஜேக்கோபியனின் அணிக்கோவை எதிர்மறையாகியிருக்கும். அல்லது ஜேக்கோபியனின் நேர்மாறுக்குப் பதில் அந்த நேர்மாறின் இடமாற்று அணி பயன்பட்டிருக்கும். அல்லது ஷியர் திரிபில் 2 என்ற காரணி விட்டுப்போயிருக்கும். செவ்வக மெஷ்ஷில் சோதித்தால் இரண்டாவது தவறு வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளக்கூடும். அதனால்தான் ஒழுங்கற்ற வடிவம் வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

பேட்ச் டெஸ்ட் தேறிய நிரலைக் கொண்டு, துளையிட்ட தகட்டுக்கான கன்வர்ஜென்ஸ் வரைபடம், அதாவது மெஷ் நுண்ணியதாக ஆக பிழை எப்படிக் குறைகிறது என்ற படம். 1898-இல் கிர்ஷ் தந்த தீர்வு கையில் இருக்கிறது. துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்கு. கால் பகுதியை மட்டும் எடுத்து, மெஷ்ஷை நான்கைந்து முறை பாதியாக்கி, எலிமென்ட் அளவையும் பிழையையும் மடக்கை அச்சுகளில் குறிக்க வேண்டும். நான்கு நோடு எலிமென்ட்டுக்கு இடப்பெயர்ச்சிப் பிழையின் சாய்வு 2, ஆற்றல் அளவில் எடுத்த பிழையின் சாய்வு 1. எட்டு நோடு எலிமென்ட்டுக்கு முறையே 3, 2. இங்கே மாணவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்வது இதுதான்: முதல் இரண்டு மெஷ்ஷில் பிழை குறைகிறது, பிறகு எவ்வளவு நுண்ணியதாக்கினாலும் கோடு தட்டையாகிவிடுகிறது. கிர்ஷின் தீர்வு முடிவில்லாத தகட்டுக்கானது. மாணவர் இழுத்ததோ முடிவுள்ள தகட்டை. வெளி விளிம்புகளில் சீரான இழுவிசைக்குப் பதிலாக, கிர்ஷின் தீர்விலிருந்து கிடைக்கும் தகைவுகளையே விசையாகக் கொடுத்தால் கோடு நேராகும். எட்டு நோடு எலிமென்ட்டில் சாய்வு குறைந்தால், துளையின் வளைவை நேர்கோடுகளாக வைத்துவிட்டாரா, அதாவது பக்க நடு நோடு வட்டத்தின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான கோட்டைக் கண்டு, காரணம் தேடிக் கண்டுபிடித்து, சரிசெய்து எழுதிய ஒரு பக்கம் எந்தப் பேராசிரியரிடமும் பேசும்.

அதன்பின் தெரிந்த விடையுள்ள சோதனைக் கணக்குகள். பொறியியல் கணிப்புகளுக்கான பன்னாட்டு அமைப்பான நாஃபெம்ஸின் எல்இ1 என்ற நீள்வட்டச் சவ்வு நல்ல தொடக்கம். உள் நீள்வட்டத்தின் அரையச்சுகள் 2 மீட்டரும் 1 மீட்டரும், வெளியே 3.25 மீட்டரும் 2.75 மீட்டரும், தடிமன் 0.1 மீட்டர், யங் குணகம் (பொருளின் மீட்சி விறைப்பு) 210 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3, வெளி விளிம்பில் வெளிநோக்கி 10 மெகாபாஸ்கல். உள் நீள்வட்டம் கிடையச்சைத் தொடும் புள்ளியில் செங்குத்துத் திசைத் தகைவு 92.7 மெகாபாஸ்கல் வர வேண்டும். குக் சவ்வும் அப்படித்தான்: இடப்பக்க உயரம் 44, வலப்பக்கம் 16, அகலம் 48, யங் குணகம் 1, பாய்சான் விகிதம் மூன்றில் ஒன்று, வலப்பக்கத்தில் மொத்த விசை 1. நுனி ஏற்றம் 23.9-ஐ ஒட்டி வரும். அழுத்தத்தை நோடு விசையாக மாற்றும்போது சமமாகப் பங்கிட்டுவிடுவது இங்கே வழக்கமான தவறு. எட்டு நோடு எலிமென்ட்டின் நேரான விளிம்பில் சீரான அழுத்தம் ஆறில் ஒன்று, ஆறில் நான்கு, ஆறில் ஒன்று என்றுதான் பிரியும்.

இதே கணக்குகளை அதன் பிறகு மென்பொருளிலும் செய்யலாம். அப்போது அது பொத்தான் பயிற்சியாக இருக்காது. தன் நிரலோடு ஒப்பிடும் சோதனையாகிவிடும். அபாகஸ் கற்றல் பதிப்பு 1,000 நோடு வரை, ஆன்சிஸ் மாணவர் பதிப்பு கட்டமைப்புக் கணக்குக்கு 1,28,000 நோடு வரை அனுமதிக்கின்றன. கேல்குலிக்ஸ், கோட் ஆஸ்டர், ஃபெனிக்ஸ், டீல் டூ, மூஸ் ஆகியவற்றுக்கு எந்த வரம்பும் இல்லை, கட்டணமும் இல்லை. மெஷ்ஷுக்கு ஜிமெஷ், படத்துக்குப் பாராவியூ. பூட்டு உடைத்த பிரதிகளை ஆய்வகத்திலிருந்து நீக்குங்கள். அதில் கணித்த முடிவை வைத்து வெளியே கட்டுரை அனுப்பும் மாணவர், எந்த உரிமத்தில் கணித்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

அலகுகளைப் பற்றியும் ஒரு சொல். மில்லிமீட்டர், நியூட்டன், மெகாபாஸ்கல் என்று எடுத்தால் நிறையின் அலகு டன். எஃகின் அடர்த்தி 7.85 பெருக்கல் 10-இன் அடுக்கு −9. அங்கே 7850 என்று போட்டால் இயல் அதிர்வெண் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். விண்ணப்பங்களில் இது வருகிறது என்பதால் எழுதுகிறோம்.

ஆர்வமுள்ள சிலரை இன்னும் ஒரு படி மேலே அழைத்துச் செல்ல முடியும். உலோகம் மீளாமல் உருமாறுவதைக் கணிக்கும் வான் மீசஸ் பிளாஸ்டிசிட்டியை ஒரே எலிமென்ட்டில் எழுதச் சொல்லுங்கள். நியூட்டன்-ராப்சன் சுற்றுகளில் எஞ்சிய விசையை ஒவ்வொரு சுற்றுக்கும் அச்சிட வேண்டும். 10-இன் அடுக்கு −1, −2, −4, −8 என்று இரட்டித்துக்கொண்டே குறைந்தால் நிரல் சரி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைந்தால், விடை சரியாகவே வந்தாலும் தொடுகோட்டு அணி தவறு. சைமோவும் டெய்லரும் 1985-இல் காட்டியதுபோல், கோட்பாட்டின் தொடர்ச்சியான தொடுகோடு போதாது. தகைவைப் புதுப்பிக்கும் கணிப்பு முறையின் தொடுகோடே வேண்டும். திரிபின் ஒவ்வொரு கூறையும் சிறிதளவு அசைத்து, தகைவின் மாற்றத்தை எண்ணளவில் கணக்கிட்டு ஒப்பிட்டால் எந்த உறுப்பு தவறு என்று தெரிந்துவிடும். இதையே, பொருளின் நடத்தையை மென்பொருளுக்குச் சொல்லும் யூமேட் துணைநிரலாக எழுதி கேல்குலிக்ஸில் ஓட்டலாம். பின்னாளில் அபாகஸ் எக்ஸ்பிளிசிட்டின் வியூமேட்டுக்கு மாற்றும்போது இரண்டு கண்ணிகள் காத்திருக்கின்றன: ஷியர் கூறுகளின் வரிசை மாறும், ஷியர் திரிபும் பொறியியல் வரையறையிலிருந்து டென்சர் வரையறைக்கு மாறி, மதிப்பு பாதியாகும். இவை இரண்டையும் அறிந்த இளநிலை மாணவர் ஒருவரை எந்த ஆய்வுக் குழுவும் விடாது.

எல்லாம் கணினிதானா என்று கட்டடவியல் துறைத் தலைவர்கள் கேட்கலாம். அவர்கள் கேட்பது நியாயம். ஒவ்வொரு கல்லூரியிலும் யூடிஎம் என்ற இழுவைச் சோதனைப் பொறி இருக்கிறது. அதைத்தான் நாம் வீணடிக்கிறோம். குறுக்குத்தலையின் நகர்வை நீட்சி என்று எடுத்து யங் குணகம் கணக்கிட்டால், எஃகுக்கு 200 ஜிகாபாஸ்கலுக்குப் பதில் அதில் சிறு பகுதிதான் வரும். பிடிப்பானின் வழுக்கலும் பொறியின் சொந்த நெகிழ்வும் அந்த நகர்வில் கலந்திருக்கின்றன. ரெக்கார்டில் அந்த எண்ணைத் திருத்தி 200 என்று எழுதிக்கொள்ளும் பழக்கத்தை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும். ஏன் குறைந்தது என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

குறைந்த செலவில் ஆய்வுத் தரத்தில் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறோம். ஒரு ரப்பர் தாளில் துளையிட்டு, வெள்ளை அடித்து, அதன்மேல் கறுப்புப் புள்ளிகளைத் தூவி, இழுக்கும்போது கேமராவில் படம் எடுத்து, படங்களை ஒப்பிட்டு முழுப் பரப்பின் திரிபையும் கணக்கிடலாம். என்கார், டைஸ் போன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் படத்தில் மூன்று முதல் ஐந்து பிக்சல் இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் திரிபில் போலியான அலைகள் வரும். பெரிதானால் நுண்மை போய்விடும். எஃகில் இதைத் தொடங்க வேண்டாம். கேமரா அரை மீட்டர் தூரத்தில் இருக்கும்போது மாதிரி அரை மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தாலே ஆயிரத்தில் ஒரு பங்கு போலித் திரிபு தோன்றும். 250 மெகாபாஸ்கல் எஃகு மீளாமல் உருமாறத் தொடங்கும் திரிபே ஆயிரத்தில் 1.25 தான். ரப்பரில் திரிபு 0.3, 0.5 என்று போவதால் இந்தப் பிழை தொந்தரவு தராது. ஆனால் ரப்பர் முதல் இழுப்பில் ஒரு மாதிரியும் அடுத்தடுத்த இழுப்புகளில் மென்மையாகவும் நடந்துகொள்ளும். எனவே மூன்று நான்கு முறை இழுத்து விட்டபின் அளக்க வேண்டும். அந்த முன் இழுப்பு, அளக்கப்போகும் எல்லையைத் தொட்டிருக்கவும் வேண்டும். அளந்த திரிபுப் புலத்தை, ரப்பருக்கான எளிய கணித மாதிரியான நியோ-ஹூக் மாதிரியில் கணித்ததோடு ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு விலகுகிறது என்று காட்டினால் அது முதுநிலை மட்டத்து வேலை. விலகல் இருப்பதே நல்லது; எந்தத் திரிபுக்கு மேல் நியோ-ஹூக் தோற்கிறது என்பதுதான் அங்கே கிடைக்கும் கண்டுபிடிப்பு.

இனி வாய்ப்புகள். மாணவர்களுக்கு இவை தெரியாமல் போவதற்குக் காரணம், யாரும் அறிவிப்புப் பலகையில் ஒட்டாததுதான். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் இயந்திரவியல் தாளை மட்டுமே எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸ்இ என்ற பொறியியல் அறிவியல் தாளில் சாலிட் மெக்கானிக்ஸ் தனிப் பிரிவு: பொதுத் திறன் 15, பொறியியல் கணிதம் 15, தேர்ந்தெடுக்கும் இரண்டு பிரிவுகளுக்குத் தலா 35 மதிப்பெண். சாலிட் மெக்கானிக்ஸோடு பாய்ம இயக்கவியலையோ பொருளறிவியலையோ சேர்த்து எழுதலாம். உற்பத்தி முறைகளையும் தொழிலக மேலாண்மையையும் படித்து நேரம் கரைக்க வேண்டியதில்லை. சேர விரும்பும் துறை இந்தத் தாளை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னை ஐஐடியின் அப்ளைடு மெக்கானிக்ஸ் அண்ட் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் துறை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயந்திரவியல், கட்டடவியல், விண்வெளிப் பொறியியல் துறைகள் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. தரமணியில் உள்ள சிஎஸ்ஐஆர் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில், பட்டம் வழங்கும் நிறுவனமான ஆசிஎஸ்ஐஆர் வழியாக முனைவர் பட்டம் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் பெறலாம், அங்கே ஹோமி பாபா தேசியக் கழகத்தின் வழியாக. கல்பாக்கத்தில் உள்ள 500 மெகாவாட் வேக ஈனுலை என்ற அணு உலையில், வெப்பத்தை ஏந்திச் செல்லும் சோடியம் உலைமையத்தைவிட்டு 547 டிகிரி செல்சியஸில் வெளியேறும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த வெப்பத்தில் எஃகு மெல்ல மெல்ல ஊர்ந்து நீள்வதும் வெப்ப ஏற்றத்தாழ்வில் களைப்படைவதும் சேர்ந்தே நடக்கும். தமிழ்நாட்டு மாணவருக்குப் பேருந்து தூரத்தில் இருக்கும் உயர்தர சாலிட் மெக்கானிக்ஸ் சிக்கல் அது.

ஆய்வுத் திட்டங்களுக்கான ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) இடங்கள் ஆண்டு முழுவதும் அறிவிக்கப்படுகின்றன. 2023 ஜனவரி முதல் மாத உதவித்தொகை 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. விண்ணப்ப அவகாசம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள்தான். எனவே வாரம் ஒரு முறை பார்க்க ஓர் ஆசிரியரை நியமியுங்கள். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை மாணவர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் உண்டு. அடுத்த கோடைக்கு இந்த ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் துறையின் இளம் ஆசிரியர்களை அனுப்புங்கள். இரண்டு மாத விடுப்பை எதிர்ப்பில்லாமல் கொடுங்கள். மேலே சொன்ன ஆய்வகத்தை நடத்தப்போகிறவர்கள் அவர்கள்தான்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை இரண்டு வழிகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் பி.இ. முடித்தவுடனே முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆகஸ்ட் சேர்க்கைக்குக் கடைசி நாள் பெரும்பாலும் முந்தைய டிசம்பரிலோ ஜனவரியிலோ வந்துவிடும். ஜெர்மனியில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் ஊதியம் பெறும் வேலை, அரசு ஊதிய அட்டவணையின் இ13 நிலை. அதற்கு முதுநிலைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள். கணிப்புமுறை இயக்கவியலுக்கென்றே ஷ்டுட்கார்ட்டில் ஆங்கில வழி முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு அங்கே பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஜெர்மன் விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழைப் பெற வேண்டும். அதற்கு மதிப்பெண் பட்டியல்கள் தேவை. அவற்றைக் கல்லூரி தாமதிக்காமல் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளில் ஒரு விதி உண்டு: சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், சேரப்போகும் நாட்டில் வாழ்ந்திருக்கக் கூடாது. ஆக ஜெர்மனியில் இரண்டாண்டு முதுநிலை முடித்த உடனே அங்கேயே இந்த இடத்தைப் பெற முடியாது. பிரான்சிலோ நெதர்லாந்திலோ பெறலாம். நேரே இங்கிருந்து போகிறவருக்கு எந்த நாடும் தடையில்லை.

விண்ணப்ப மடல் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுங்கள். புகழுரை வேண்டாம். அந்தப் பேராசிரியரின் வேலையில் எந்த ஒரு கேள்வி தன்னை ஈர்த்தது, தன்னிடம் இப்போது ஓடும் நிரல் எது, அதை எப்படிச் சோதித்தேன் என்ற மூன்றும் அரைப் பக்கத்துக்குள். கூடவே நிரல் வைத்திருக்கும் இணைய இருப்பிடம், இரண்டு பக்கச் சோதனை அறிக்கை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சேற்றும் இதழ்களில் கட்டுரை போடச் சொல்லி மாணவரை வற்புறுத்தாதீர்கள். தேர்வுக்குழுவில் அது பலவீனமாகவே எண்ணப்படும். யுஜிசியின் 2022 விதிகள் முனைவர் ஆய்வேட்டுக்கே முன்கூட்டிய கட்டுரையைக் கட்டாயமாக்கவில்லை. எதையாவது வெளியே காட்ட வேண்டுமென்றால், 1955 முதல் இயங்கும் இந்தியக் கோட்பாட்டு, பயன்பாட்டு இயக்கவியல் சங்கத்தின் மாநாட்டுக்கு அனுப்புங்கள். அங்கே எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர்கள் இருப்பார்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் முழுக்க உங்கள் கையில் இருக்கின்றன. நாற்பது பேருக்கும் பெயரை மட்டும் மாற்றிய ஒரே கடிதம் போனால் அதைப் படிப்பவர் ஒரு வரியில் கண்டுபிடித்துவிடுவார். "எட்டு நோடு எலிமென்ட்டில் சாய்வு குறைந்ததைக் கவனித்து, நடு நோடு வட்டத்தில் இல்லாததே காரணம் என்று தானே கண்டுபிடித்தார்" என்ற ஒரு வாக்கியம், "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்ற ஒரு பக்கத்தைவிட மாணவரை வெகுதூரம் கொண்டுபோகும். அந்த வாக்கியத்தை எழுத வேண்டுமானால் ஆய்வகத்தில் அது நடந்திருக்க வேண்டும். பார்த்த ஆசிரியரும் குறித்து வைத்திருக்க வேண்டும்.

வரும் பருவத்தில் எல்லா மாணவருக்கும் தொடங்க வேண்டியதில்லை. விரும்பி வரும் பன்னிரண்டு பேர், பைத்தான் தெரிந்த ஓர் ஆசிரியர், மாலை ஆறு மணிக்குப் பூட்டாத ஒரு கணினி அறை போதும். அகமதிப்பீட்டில் பாதியைப் பேட்ச் டெஸ்ட்டுக்கும் கன்வர்ஜென்ஸ் வரைபடத்துக்கும் கொடுங்கள். மீதிப் பாதியில், தான் கணித்த எண் எங்கெல்லாம் தவறாக இருக்கக்கூடும் என்று மாணவரே வாய்மொழியாக விளக்கட்டும்.

இப்படிக்கு,
சாலிட் மெக்கானிக்ஸ், கணிப்புமுறை இயக்கவியல் துறைகளில் பணிபுரியும் சில ஆய்வாளர்கள்